உத்திரத்தின் மறுமுனை

அன்று காலையில் காதர் பீவி டீயில் சர்க்கரைக்குப் பதிலாக உப்பைப் போட்டுவிட்டாள். புருஷன் அப்துல் கையூம் ஒரு வாய் குடித்தார். ஒன்றும் சொல்லாமல் மிச்சத்தையும் குடித்து முடித்தார். உப்புத் தோலை மோந்து பார்த்தே விலை சொல்கிற மனிதருக்கு டீயில் உப்பு தெரியவில்லை என்றால், அவர் மனசு வீட்டிலேயே இல்லை.

மனசு எதிர்ச்சாரியில் இருந்தது. எதிர்ச்சாரியில் இருப்பது ஒரு கட்டடம், இரண்டு கதவு. அப்துல் கையூமைப் பெற்ற அத்தா கட்டிய நீள வீடு. அவர் மவுத்தான பிறகு அண்ணன் தம்பிக்கு நடுச்சுவரோடு பாதி பாதி என்று பிரிந்தது. இடது பாதி அண்ணன் அப்துல் கையூமுடைய தோல் கிடங்கு. வலது பாதி தம்பி கிதர் முகம்மதின் குடித்தனம். பாகம் பிரித்த பெரிய மனிதர்கள் முற்றத்தைப் பிரித்தார்கள், கிணற்றில் இறைக்கிற முறையைப் பிரித்தார்கள், முருங்கை மரத்தின் கிளையைக்கூடப் பிரித்தார்கள். தலைக்கு மேலே நடுச்சுவரைத் துளைத்துக்கொண்டு இரண்டு வீட்டுக்கும் ஒன்றாகப் போகிற பர்மா தேக்கு உத்திரத்தை மட்டும் அண்ணாந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

போன ஐப்பசி மழையில் கிடங்கின் பின்சுவர் பாதி விழுந்தது. இடித்துவிடு, இல்லாவிட்டால் நாங்கள் இடிப்போம் என்று நகராட்சி சொல்லிவிட்டது. அதற்கு ஆள் பேசிக்கொண்டிருக்கும்போதே கிதர் முகம்மது ஒரு வெள்ளிக்கிழமை தொழுதுவிட்டு வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர்தான். எழுந்திருக்கவில்லை.

அவர் மனைவி சைதூன் அந்த வலது பாதியில் இத்தா இருக்கிறாள். புருஷனை இழந்தவள் அவன் வீட்டை விட்டு வெளியே வராமல், அந்நிய ஆண் கண்ணில் படாமல் இருக்க வேண்டிய நாலு மாதம் பத்து நாள். அவளை வெளியே கூப்பிட முடியாது. உள்ளே ஓர் ஆண்பிள்ளை போக முடியாது. அவள் தலைக்கு மேலே போகிற உத்திரத்தின் இந்த முனையைத்தான் இன்றைக்கு அறுக்கப் போகிறார்கள்.

பிள்ளை இல்லாமல் போனவர் கிதர் முகம்மது. பிள்ளையில்லாதவர் சொத்தில் மனைவிக்குக் கால் பங்கு, மற்றது கூடப்பிறந்தவருக்கு. அந்தக் கணக்கை வீட்டில் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. வியாபாரக் குடும்பத்தில் வாய் திறந்து சொன்னால்தானா கணக்கு? இந்தப் பாதி இடிந்ததும் பிரியாணி ஹோட்டல், அந்தப் பாதி வந்து சேர்ந்ததும் மாடி என்று மகன் சௌகத் அலி காற்றிலேயே கட்டி முடித்திருந்தான். காதர் பீவியும் தன் பங்குக்குச் சமையல்கட்டுக்கு இரண்டு ஜன்னல் வைத்திருந்தாள்.

அவள் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு தெருவைக் கடந்தபோது, கிடங்கு வாசலில் பேரம் நடந்துகொண்டிருந்தது. மிக்கேல்ராஜ் மேஸ்திரி ஒரு பக்கம், அப்துல் கையூம் மறு பக்கம். தேக்கை ஏற்றிப்போக வடமதுரை மரவியாபாரி நாச்சிமுத்து அனுப்பிய இரண்டு மாட்டுவண்டி நடுவில்.

"சுவத்துக்குள்ள ஒரு முழம் உத்திரம் இருக்குல்ல மேஸ்திரி, அது யாரு கணக்கு?"

"அது சுவரு கணக்கு பாய். அதையும் நோண்டி எடுத்தா உத்திரம் உங்களுக்கு, சுவரு அந்தம்மாவுக்கு. மடியில வந்து விழும்."

"நாச்சிமுத்து நீளமா இருந்தாத்தேன் வெல தருவேங்கிறாரு."

"அவரு வடமதுரையில விசிறிக்கிட்டு உக்காந்து எம்புட்டு நீளமும் கேப்பாரு. சுவத்துக்கு ஒரு முழம் இங்கிட்டே அறுப்பேன். சம்மதம்னா ரம்பத்த எடுக்குறேன். இல்லன்னா வண்டிக்காரவுகளுக்கு டீ வாங்கிக் குடுத்து அனுப்பிருங்க."

அப்துல் கையூம் ஆகாயத்தைப் பார்த்தார். ஒரு முழம் தேக்கு அங்கே பறந்து போவது அவருக்கு மட்டும் தெரிந்தது.

"சரிப்பா."

மிக்கேல்ராஜ் வாய்க்காரர். பாதிரியார் பங்களாவை இடித்த கதையைத் தினம் ஒரு தரம் சொல்லுவார், ஒவ்வொரு தரமும் பங்களாவுக்கு ஒரு மாடி கூடும். ஆனாலும் வேலையில் சில விஷயங்களை விட்டுக்கொடுக்க மாட்டார். முதலில் அந்தப் பக்கம் உத்திரத்துக்கு முட்டு. பிறகு மேலிருந்து கீழாகத் தளத்தைக் கையால் பிரிக்க வேண்டும், ஒரு செங்கல்லும் எறியக் கூடாது. முன் பின் பக்கச் சுவர்களில் நடுச்சுவரை ஒட்டிய துண்டுகளை மட்டும் இடிக்காமல் நிறுத்த வேண்டும். அவைதான் நடுச்சுவரைப் பிடித்துக்கொள்கிற இரண்டு கை.

"இப்படிக் கோழி மயிரு புடுங்குற மாதிரி எடுத்தா ஆடி போயி ஆவணி வந்துரும்" என்றான் சௌகத் அலி. "கயித்தக் கட்டி நாலு பேரு இழுத்தா மத்தியானத்துக்குள்ள எல்லாம் தரையில கெடக்கும்."

"கெடக்கும் தம்பி. யாரு யாரு கெடப்பாகங்கிறதுதேன் கேள்வி." மேஸ்திரி காதர் பீவி பக்கம் திரும்பினார். "பாயம்மா, நேத்துக் கேட்டதுதேன். உள்பக்கம் உத்திரத்தச் சுத்திச் சந்து, வெடிப்பு ஏதாச்சும் உண்டா? நான் உள்ள வந்து பாக்க முடியாது. நீங்கதேன் என் கண்ணு."

"ஒண்ணும் இல்ல. கெட்டியாப் பூசியிருக்கு."

பழைய சரக்கைப் புதுச் சரக்கு என்று சொல்கிற சரளத்தோடு வந்தது அந்தப் பதில்.

சந்து இருந்தது. சைதூனை இத்தா உட்கார வைத்த அன்றைக்குக் காதர் பீவியே கண்ணால் பார்த்தாள். உத்திரம் சுவருக்குள் நுழைகிற இடத்தில் ஒரு விரல் அகலத்துக்கு வெளிச்சம். அந்தப் பக்கம் கிடங்கில் ஆம்பளைகள் விளக்கோடு தோல் எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஊர்ப் பெண்கள் துக்கம் கேட்க வரும் நேரம். யாராவது பார்த்தால் பேகம்பூர் முழுக்கப் பேச்சாகிவிடும். அவள் முக்காலி போட்டு ஏறி, கிழிந்த சேலையைச் சுருட்டி, கரண்டிக் காம்பால் இடித்து இடித்து அடைத்தாள். மேலே ஒரு கை சுண்ணாம்பும் தடவினாள். அடைக்கும்போது சாந்து சர்க்கரை மாதிரி பொலபொலவென்று உதிர்ந்தது. தோலுக்குப் போட்ட உப்பு சுவரை மட்டும் சும்மா விடுமா? தட்டிவிட்டு இறங்கிவிட்டாள்.

இப்போது எப்படிச் சொல்வது? சந்து இருக்கிறது என்றால், இத்தனை நாள் அந்த இத்தா எந்த லட்சணத்தில் இருந்தது என்று கேட்பார்கள். அடைத்தாயிற்று, சுண்ணாம்பும் பூசியாயிற்று. பூச்சு என்றால் வேறென்ன? அப்படித்தான் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

உள்ளே திரைக்கு அப்பால் வெள்ளைச் சேலையில் சைதூன் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தாள். முப்பது வயதுக்கு முகம் வாடிப் போயிருந்தது. சித்தாள் பேச்சாயி ஒரு சவுக்குக் கட்டையைத் தோளில் சுமந்துகொண்டு நுழைந்தாள்.

"பாயம்மா, நீங்க கட்டையப் புடிங்க. சின்னம்மா, நீங்க முக்காலியில ஏறி அந்தப் பலகையச் செத்தத் தூக்கி உத்திரத்துல அண்டக் குடுங்க. நான் அடியில ஆப்பு அடிச்சிருறேன்."

சைதூன் எழுந்திருக்கவில்லை.

"ஒன்னயத்தான் சொல்றாக" என்றாள் காதர் பீவி. "கையில மருதாணியா காயுது?"

சொன்ன பிறகுதான், யாரிடம் எதைச் சொன்னோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். சைதூன் கோபப்படவில்லை.

"என்னால தூக்க முடியாதுக்கா."

"சரி விடுங்க, பெரிய வீட்டுப் பிள்ளைக" என்று பேச்சாயி பலகையைக் கட்டையின் உச்சியில் வைத்து உத்திரத்தோடு ஒட்டி நிறுத்தி, காலால் ஆப்பைத் தள்ளி, சம்மட்டியால் நாலு போடு போட்டாள். கட்டை உத்திரத்தை இறுக்கிக்கொண்டது. "இது நிக்கும். உத்திரம் வராது. சுவரப் பத்தி மட்டும் நான் சொல்ல மாட்டேன், அது மேஸ்திரி பாடு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

காதர் பீவி கதவைச் சாத்திவிட்டு வந்து நின்றாள்.

"தூக்க முடியாதுன்னா? மேலுக்கு என்ன?"

சைதூன் மணி உருட்டுவதை நிறுத்தினாள்.

"குளிச்சு மூணு மாசத்துக்கு மேல ஆச்சுக்கா."

"என்னது?"

"அவுக போறப்ப எனக்கே தெரியாது. துக்கத்துல நின்னு போச்சுன்னு நெனச்சேன். இப்ப வாந்தி, மயக்கம். ரெண்டு தரம் தங்காமப் போனது ஒங்களுக்கே தெரியும். இதுவும் போயிருமோன்னு வாயத் தெறக்கல."

காதர் பீவி முக்காலியில் உட்கார்ந்தாள். சமையல்கட்டின் இரண்டு ஜன்னலும் படீரென்று சாத்திக்கொண்டன. பொண்ணாகப் பிறந்தால் வலது பாதியில் பெரும்பங்கு போயிற்று. பையனாகப் பிறந்தால் ஒரு செங்கல்கூட இந்தப் பக்கம் வராது. இத்தாவும் பிள்ளை பிறக்கும் வரைக்கும் நீளும். இது ஊரில் யாருக்கும் தெரியாது. இவளுக்கும் தனக்கும் மட்டும்.

மேலே கடப்பாறை விழுந்தது.

அதற்குப் பிறகு பேச்சுக்கு இடமில்லை. தளம் பிரிகிற ஒவ்வொரு அடிக்கும் தூசி இறங்கியது. செத்த நேரத்துக்கு ஒரு தரம் மேஸ்திரியின் குரல் சுவரைத் தாண்டி வரும்.

"பாயம்மா! சுவரு எப்படி?"

"நல்லாருக்கு!"

ரம்பம் அறுக்கிற சத்தம் பல்லைக் கூசவைத்தது. உத்திரம் ஒரு தரம் முனகியது. முட்டு தாங்கிக்கொண்டது. அந்தப் பக்கம் 'ஏலேலோ' என்று இறக்குகிறார்கள்.

"பாயம்மா!"

"நல்லாருக்கு!"

அறுத்த தேக்கோடு ஆம்பளைகள் தெருப்பக்கம் நகர்ந்த இடைவெளியில் காதர் பீவி கெஞ்சுகிற குரலில் கேட்டாள். "எதுக்கு வம்பு, எங்க வீட்டுக்கு வந்துரு. ஆபத்துன்னா எடம் மாறிக்கலாம்னு பள்ளிவாசல் ஹஜ்ரத்தே சொல்லிட்டாக."

"போகலாம்னு சொன்னாக. திரும்பி வரலாம்னு யாரு சொல்லுவா? வாசப்படியத் தாண்டுனா அப்புறம் கேசுக்குத்தேன் போகணும்னு எங்கூடப் பொறந்த மீரான் அண்ணன் சின்னாளப்பட்டியிலருந்து ஆளு விட்டுச் சொல்லியிருக்கு."

"நாங்க என்ன, ஒன் கதவப் பூட்டிக்கிறவுகளா?"

"நீங்க இல்லக்கா. சௌகத்து மாடி கட்டுறதப் பத்திப் பேசுறது இந்தச் சுவத்துக்கு இங்கிட்டும் கேக்கும்."

பதிலைத் தேடி அண்ணாந்த காதர் பீவியின் கண்ணில்தான் அது பட்டது. உத்திரத்துக்கு அடியிலிருந்து மெல்லிய நூல் மாதிரி மண் இறங்கிக்கொண்டிருந்தது. நின்றது. மறுபடியும் இறங்கியது.

முக்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு ஏறினாள். சுண்ணாம்புத் தோல் வெடித்திருந்தது. கரண்டிக் காம்பால் மூச்சு வாங்க இடித்து அடைத்த துணி. நுனியை இரண்டு விரலால் பிடித்தாள். இழுக்கக்கூட இல்லை. மொத்தமும் கையோடு வந்தது.

விரல் அகலச் சந்து இப்போது கை நுழைகிற அளவுக்கு இருந்தது. அதன் வழியாக நேராக ஆகாயம் தெரிந்தது. சுவர் உத்திரத்தை விட்டு விலகிக்கொண்டிருந்தது. வயிறு தள்ளி, இந்த அறையைப் பார்த்து.

"அம்மா!" இந்தத் தடவை குரல் மேஸ்திரியுடையது இல்லை. சௌகத் அலி. "மேஸ்திரி தேக்க வண்டியில ஏத்தப் போயிருக்காரு. அவரு வாரதுக்குள்ள இந்த முன்பக்கத் துண்டுச் சுவர இழுத்துவிட்டுருறோம். கயிறு கட்டியாச்சு. உள்ள சுவரு எப்படி இருக்கு?"

நல்லாருக்கு. காலையிலிருந்து சொல்லிச் சொல்லி அந்த வார்த்தை நாக்கு நுனியிலேயே உட்கார்ந்திருந்தது. கூலி வேண்டாம், செலவு வேண்டாம், ஒரே ஒரு வார்த்தை. இழுப்பார்கள். நடக்கிறது நடக்கும். ஊர் கூடும், அழும், அல்லா நாடினது என்று சொல்லும். அடைத்த துணி குப்பையோடு போய்விடும். எந்த மீரானும் எந்தக் கோர்ட்டிலும் கேட்க முடியாது. கணக்கு பழையபடி நேராகிவிடும்.

இது தன் மனசுதானா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது.

"அம்மா! காதுல விழுகலையா? இழுக்கவா?"

கீழே சைதூன் சுவரைப் பார்க்கவில்லை. அவள் பார்த்தது காதர் பீவியின் முகத்தை.

"நிறுத்துடா!"

தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும்.

"கயித்த விடுடா, பாவி! சுவத்துல ஓட்டை இருக்கு! மொதல்லருந்தே இருக்கு! நான்தேன் துணியத் திணிச்சு அடைச்சேன்! சுவரு சாயுது, இழுக்காதடா!"

எந்த விஷயம் பேகம்பூர் காதில் விழக் கூடாது என்று மூடி மூடி வைத்தாளோ, அதைப் பேகம்பூர் முழுமைக்கும் அவளே தண்டோரா போட்டாள்.

மிக்கேல்ராஜ் ஓடி வருகிற சத்தம் கேட்டது. "இழுக்காதீக! வெடுக்குனு விடவும் செய்யாதீக! மெதுவாத் தளத்துங்கடா... மெதுவா... ஆங், அம்புட்டுத்தேன்." பிறகு அவர் குரல், பங்களாக் கதை சொல்லும்போது ஒரு நாளும் இருக்காத குரல். "தப்பு எம்மேலயும் இருக்கு. தட்டிப் பாத்துட்டுக் கெட்டின்னு நெனச்சுட்டேன். பாயம்மா, அந்தச் சுவரு ஓரம் நிக்காதீக. ரெண்டு பேரும் வெளிய வாங்க. உள்ள ஆளு இருக்கிற வரைக்கும் நான் இந்தச் சுவத்துல கை வைக்க மாட்டேன். சாய்வு முட்டுக் குடுக்கணும், பெரிய கட்டை வேணும், நாளாகும்."

"வாடி" என்றாள் காதர் பீவி.

"அக்கா..."

"கதவுச் சாவி எங்க? குடு. இந்தா, ஒன் முந்தானையிலயே முடிஞ்சுக்க. பூட்டுறது நீ, தெறக்கிறது நீ. எம் மகன் மாடி கட்டுனா மொட்டைக் காத்துலயே கட்டட்டும். வா."

பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலு பேர் துப்பட்டிகளைப் பிரித்து நாலு பக்கமும் பிடித்தார்கள். தெருவில் நின்ற ஆம்பளைகள் அத்தனை பேரும், மேஸ்திரி, கூலியாட்கள், வடமதுரை வண்டிக்காரர்கள், அப்துல் கையூம், மண் அப்பின முகத்தோடு சௌகத் அலி, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். மாடுகள் மட்டும் வெட்கமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தன.

நடுவில் வெள்ளைத் திரைக்குள் காதர் பீவி சைதூனின் இடுப்பைச் சுற்றிக் கை கொடுத்து நடத்தினாள். "கல்லு கெடக்கு, பாத்து... காலத் தூக்கி வையி... மெதுவா." துப்பட்டி பிடித்த பெண்களில் ஒருத்தி அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு சைதூன் முகத்தைப் பார்த்தாள். பிறகு பக்கத்துப் பெண்ணைப் பார்த்தாள். ஒரு சேதி தெருவைத் தாண்ட இம்புட்டு நேரம்தான்.

வீட்டுக்குள் கொண்டுபோய்த் திரை கட்டி உட்கார வைத்து, ஒரு செம்பு தண்ணீர் கொடுத்து முடிக்கும் முன்பே வெளிக்கூடத்தில் செருப்புச் சத்தம். அப்துல் கையூம் வந்திருந்தார். பின்னாலேயே சௌகத் அலி.

"அந்த ஓட்டையப் பத்தி அப்புறம் பேசிக்குவோம்" என்றார் அப்துல் கையூம். "அல்லா காப்பாத்துனான். தம்பி பொஞ்சாதிக்கு ஒண்ணு ஆயிருந்தா தீர்ப்பு நாள்ல, மஹ்ஷர்ல, அவன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?" முகத்தைத் துண்டால் துடைத்தார். துடைத்து முடிக்கும்போது வியாபாரி திரும்பி வந்திருந்தார். "இந்தா, மேஸ்திரி கேக்குறாரு. சுவர நிமித்திக் கட்டணுமா, இல்ல இத்தா முடியிற வரைக்கும் முட்டுக் குடுத்து நிறுத்துனாப் போதுமான்னு. அதுக்குத் தக்கன கட்டை வாங்கணுமாம். இன்னும் எம்புட்டு நாளு பாக்கி?"

"ஒரு மாசத்துக்குக் கொஞ்சங்கூட அத்தா" என்றான் சௌகத் அலி. "அதுக்கு எதுக்குச் சுவரு? முட்டே போதும். அப்புறம் ரெண்டையும் சேத்தே எடுத்துரலாம்."

திரைக்கு அப்பால் மணி உருளும் சத்தம் நின்றது.

"என்னங்க" என்றாள் காதர் பீவி. "சௌகத்தச் செத்த வெளிய போகச் சொல்லுங்க. ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

அப்துல் கையூம் மனைவியைப் பார்த்தார். முப்பது வருஷத்தில் அவள் இப்படி ஒரு நாளும் கேட்டதில்லை.

"போடா" என்றார்.

சௌகத் அலி போகவில்லை. அம்மாவை ஒரு பார்வை, திரையை ஒரு பார்வை பார்த்தான். தெருக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டுத் திரும்பி வந்தான்.

"எனக்குத் தெரியக் கூடாதது என்னம்மா அது?" என்று கேட்டுவிட்டு, அவளுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.